விஜயகலா சொன்ன விலை

பதின்மூவாயிரத்து அறுநூறு ரூபாய் என்று தட்டி அனுப்பிவிட்டு விஜயகலா கண்களை இறுக மூடிக்கொண்டாள். கூட்டிக் கேட்டுவிட்டோமோ?

அவள் உட்கார்ந்திருந்தது பிள்ளைக் காம்பராவின் படிக்கட்டில். மடியில் லேப்டொப். உள்ளே ஆயம்மா பாட்டுச் சொல்லிக்கொடுக்க, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன தாய்மார் விட்டுச்சென்ற பிள்ளைகளோடு சேர்ந்து அவளுடைய மூன்று வயது மகள் சஸ்மிதாவும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். கஹவத்தைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் அந்தப் படிக்கட்டு ஒன்றுதான். விஜயகலாவுக்கு அதுதான் ஆபீஸ்.

விலை கேட்டவர் நிவித்திகலவில் இருக்கும் நிஸார் நானா. இரத்தினக்கல் வியாபாரத்தில் சேர்த்த பணத்தில், சிங்கராஜக் காடு பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்காக ஆறு அறைகளோடு ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டியிருந்தார். அதற்கு ஒரு வெப்சைட் வேண்டும், வருகிறவர்கள் அதிலேயே அறை பதிவு செய்யவேண்டும் என்று கேட்டிருந்தார்.

இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும்! கிடைக்காவிட்டால் வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள், கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் கார்மென்ட் வேன் தோட்டத்துச் சந்தியில் வந்து நிற்கும். விஜயகலா அதில் ஏறவேண்டும். புருஷன் தினேஷ் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். அவன் சம்பளத்தில் பாதி அங்கேயே அறை வாடகைக்குப் போனது. ஒரு வருடம் கொம்பியூட்டர் வேலையைச் செய்து பார்ப்பது, குடும்பத்துக்குக் காணாவிட்டால் கார்மென்டுக்குப் போவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அந்த ஒரு வருடம் முடியப்போகிறது. கட்டிலுக்குக் கீழே பை தயாராக இருந்தது. சஸ்மிதா அந்தப் பைக்குள் தன் பொம்மையைப் போட்டிருந்தாள், அம்மாவோடு தானும் போகப்போவதாக நினைத்துக்கொண்டு! அந்தப் பொம்மையை எடுத்து வெளியே வைக்கத் தாய்க்கு மனம் வரவில்லை.

விஜயகலாவின் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். பள்ளியில் உயர்தரம் முடித்த கையோடு அவள் கஹவத்தை டவுனில் ரிப்கான் என்பவரின் கொமியூனிகேஷன் கடையில் சேர்ந்தாள். போட்டோகொப்பி எடுப்பாள், விண்ணப்பங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் டைப் அடித்துக் கொடுப்பாள். கடையில் ஆள் இல்லாத நேரங்களில் வீடியோக்களைப் பார்த்து வெப்சைட் கட்டப் பழகினாள். முதலில் கட்டியது ரிப்கானின் கடைக்கு. அதைப் பார்த்து ஒரு கல்யாணப் போட்டோகாரர் வந்தார், பிறகு ஒரு டியூட்டரி வாத்தியார். கல்யாணத்துக்குப் பிறகு தினேஷ் கொழும்பில் பழைய லேப்டொப் ஒன்றை வாங்கி, துவாயில் சுற்றி, கூட்டம் நெரியும் பஸ்ஸில் நின்றுகொண்டே கைக்குழந்தையைப் போல நெஞ்சில் அணைத்துக் கொண்டுவந்தான். அன்றைக்கு அதைத் திறந்து பார்த்து அவள் அழுத அழுகையை வரிசை வீடுகள் கொண்ட அந்த லயமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

வேலையில் அவள் சூரி. விலை சொல்வதில்தான் தடுமாறினாள்.

தோட்டத்தில் ஒரு நாள் முழு வேலை செய்தால் ஒரு பேர் போடுவார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். அந்த மாதம் எத்தனை பேர் விழுந்ததோ, அத்தனை நாள் சம்பளம். அந்தக் கணக்கில் பிறந்து அந்தக் கணக்கிலேயே வளர்ந்தவள் விஜயகலா. யாராவது வெப்சைட்டுக்கு விலை கேட்டால் எத்தனை நாள் உட்காரவேண்டும் என்று பார்ப்பாள், அதைத் தோட்டத்து நாட்சம்பளத்தால் பெருக்குவாள். அவ்வளவுதான்! நிஸார் நானாவின் வேலைக்கு எட்டு நாள், அதனால் எட்டுப் பேர். கரண்ட் போன நாட்களில் தனக்குத்தானே அரைப் பேர் போட்டுக்கொண்டு, அந்தப் பணத்தைக் கழித்தே வாங்கியும் இருக்கிறாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

கையிலிருந்த போன் அலறியது. நிஸார் நானாதான்!

"தங்கச்சி, ஒங்கட விலையப் பார்த்து எனக்குப் பயமா போச்சி."

"அவ்வளவு கூடிருச்சுங்களா நானா? நான் வேணும்னா..."

"கூடினா சண்டை புடிச்சிக் கொறைக்கலாமே! இவ்வளவு கொறைஞ்சா என்னத்தச் செய்ற? கொழும்பு கொம்பனி ஒண்டு ரெண்டரை லட்சம் கேட்டிரிக்கி. நீங்க பதிமூணாயிரம் சொல்றீங்க. எங்கட கல்லு வியாபாரத்தில ஒருத்தன் இந்த விலைக்கு நீலக்கல்லக் காட்டினா, வெளிச்சத்தில புடிச்சும் பார்க்க மாட்டோம். கண்ணாடிதான் எண்டு திருப்பிக் குடுத்திருவோம். கோவிக்க வாணாம் தங்கச்சி. கொழும்பு ஆக்களுக்கே குடுக்கலாம் எண்டு நெனைக்கிறேன்."

போன் துண்டிக்கப்பட்டது. உள்ளே பிள்ளைகளின் பாட்டு இன்னும் ஓயவில்லை. விலை கூடியதற்காக வேலை கைநழுவுவதை உலகம் அறியும். விலை குறைந்ததற்காக ஒருத்தியின் வேலை பறிபோன கொடுமையை எங்கே போய்ச் சொல்வது! விஜயகலா லேப்டொப்பை மூடி அதன்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தினேஷின் தங்கை நிரோஷா வாசலில் வந்து நின்று தலைத்துண்டை உதறினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, இன்னைக்குக் கைக்காசு! நாப்பது கிலோ எடுத்துட்டேன். பக்கத்து நெரையில நின்னவ பதினெட்டுதான். பொறாமையில என்னோட பேசாம போறா!"

ஞாயிற்றுக்கிழமைகளில் பேர் கிடையாது. எத்தனை கிலோ எடுத்தாலும் கிலோவுக்கு இவ்வளவு என்று உடனே காசு. கை வேகமுள்ள நிரோஷாவுக்கு ஞாயிறு என்றால் திருவிழா.

"அப்பா, என்ன ஒரு வேகம் ஒனக்கு," என்றாள் விஜயகலா சுரத்தில்லாமல்.

"ஒங்களுக்கு மட்டும் கொறைச்சலா? டைப் அடிக்கிறப்ப வெரலு கண்ணுலயே தெரியமாட்டேங்குதே. என்னா அண்ணி, மூஞ்சி இப்பிடி வாடிக் கெடக்கு?"

விஜயகலா நடந்ததைச் சொன்னாள். ரிப்கான் கடைக்கு முதன்முதலில் செய்தபோது ஒரு மாதம் இழுத்தது, இருபத்தைந்து பேர் வாங்கினாள். இப்போது அதைவிடப் பெரிய வேலையை எட்டே நாளில் முடித்துவிடுவாள், அதனால்தான் எட்டுப் பேர் கேட்டாள் என்று சொன்னாள்.

நிரோஷா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள்.

"அப்ப அடுத்த வருஷம் ரெண்டு நாள்ல முடிச்சா ரெண்டு பேரா? அதுக்கடுத்த வருஷம் நீங்கதான் அவங்களுக்குக் காசு குடுக்கணும் போல! கை வேகம் வர வர காசு கொறையுற தோட்டத்த நான் இப்பதான் அண்ணி கேள்விப்படுறேன். அந்தத் தோட்டத்துல நான் ஒருநாளும் பேர் பதிய மாட்டேன் சாமி!"

கேலி பேசிக்கொண்டே அவள் குளிக்கப் போய்விட்டாள். விஜயகலாவோ இடி விழுந்தவள்போல அசையாமல் நின்றாள்.

வேகம் கூடக் கூட வருமானம் குறைகிறது! இத்தனை நாளும் தன் திறமைக்குத் தானே அபராதம் போட்டுக்கொண்டாளே! பேர்க் கணக்கு வேண்டாம். கிலோக் கணக்கு வேண்டும். ஆனால் எதை நிறுப்பது? கொழுந்தைத் தராசில் தொங்கவிடலாம், வெப்சைட்டை எங்கே தொங்கவிடுவது?

அன்று மாலை முழுவதும் சஸ்மிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் முன்னும் பின்னும் நடந்தாள். கொழுந்தின் நிறை ஏன் முக்கியம்? அந்த நிறையை வைத்துத்தான் தேயிலை ஆலையான ஸ்டோருக்குச் சரக்கு கிடைக்கிறது, தோட்டத்துத் துரைக்கு வருமானம் வருகிறது. அப்படியானால் நிஸார் நானாவுக்கு இந்த வெப்சைட்டால் என்ன வரும்? அதைத் தான் கேட்கவே இல்லையே! எத்தனை அறை, எத்தனை பக்கம், எத்தனை படம் என்று தன் பக்கத்து வேலையை மட்டும் கேட்டாள். அவர் பக்கத்துத் தட்டில் என்ன விழுகிறது என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

இன்னொன்றும் உறைத்தது. தோட்டத்தில் நாளும் வேலை உண்டு. அவளுக்கோ ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே வெறும் நாட்கள் உண்டு. டேட்டாவுக்குப் பணம், லேப்டொப் பழுதுக்குப் பணம், ஆட்களோடு பேசிப்பேசியே கழியும் நாட்கள். இவற்றையெல்லாம் யார் பேரில் பதிவது?

அவள் போனை எடுத்தாள். நிஸார் நானாவின் எண்ணை அழுத்தினாள்.

"நானா, நான் சொன்ன விலை பிழைங்க. கொழும்பு ஆளுங்களுக்குக் குடுக்கிறதுக்கு முந்தி ஒரு தரம் நேர்ல வந்து பேசவா?"

"இன்னும் கொறைக்கப் போறீங்களா?" நிஸார் நானாவின் குரலில் அலுப்பு.

"இல்லீங்க நானா. கூட்டப் போறேன்."

மறுமுனையில் கடகடவென்று சிரிப்பு. "அல்லாஹ்! இந்தக் கதைய நான் இதுக்கு முந்திக் கேட்டதே இல்ல. வாங்க, வாங்க! பொதன்கிழம வாங்க!"

புதன்கிழமை இரண்டு பஸ் மாறி, சஸ்மிதாவையும் தூக்கிக்கொண்டு விஜயகலா நிவித்திகலவில் இறங்கினாள். கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நிஸார் நானாவின் மனைவி கைருன்னிஸா எதிரே வந்து பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினார். பிளேன் டீயும் தொதல் இனிப்பும் வந்தன. நிஸார் நானா கதிரையில் சாய்ந்து, கல் பார்க்கிற கண்ணால் அவளைப் பார்த்தார்.

"சொல்லுங்க தங்கச்சி. எவ்வளவு கூட்டிரிக்கிறீங்க?"

"அதுக்கு முந்தி நான் ஒண்ணு கேக்கணும் நானா. இப்ப ஆளுங்க எப்பிடி வர்றாங்க?"

"வெளிநாட்டு புக்கிங் சைட் ஒண்டிரிக்கி. அதாலதான்."

"அவங்க எவ்வளவு எடுக்கிறாங்க?"

நிஸார் நானா வாயைத் திறப்பதற்குள் கைருன்னிஸா முந்திக்கொண்டார். "நூத்துக்குப் பதினஞ்சு புள்ள! எங்கட ரூமு, எங்கட சோறு, விரிப்புக் கழுவி என்ட கைதான் தேயிது. சல்லி மட்டும் கண்ணால காணாத எவனுக்கோ போகுது. சீசன் மாசத்தில ரெண்டு லட்சத்துக்கு மேல போகுது. இவருக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலி."

"சரி சரி, அதயெல்லாம் எதுக்கு..." என்றார் நிஸார் நானா.

இதோ தராசு! விஜயகலா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நானா, ஒருக்கா தங்கிட்டுப் போனவங்க, அவங்க சொல்லி வர்றவங்க, இப்பிடி மொத்தத்துல மூணுல ஒரு பங்கு ஆளுங்க ஒங்க சொந்த வெப்சைட்டாலயே வந்தா, சீசன்ல மாசம் அறுபத்தஞ்சாயிரத்துக்கு மேல ஒங்க கையில நிக்கும். அத்தனை பேரும் வந்துருவாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வர்றதுக்கு வழி போட்டுக் குடுப்பேன். பதிவு, மூணு பாஷை, ஒரு வருஷத்துக்குப் பராமரிப்பு, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம்."

சொல்லிவிட்டாள்! தன் வாயால் தானே சொல்லிவிட்டாள்! அந்த எண் காற்றில் நிற்பதைப்போல அவளுக்குத் தோன்றியது.

நிஸார் நானா நெற்றியைச் சுருக்கினார். "போன கிழம பதிமூணாயிரம். இந்தக் கிழம ஒரு லட்சத்து இருபதா? கல்லு கூட இவ்வளவு கெதியா ஏறாதே!"

"போன கிழமை ஒங்களுக்கு என்னா வேணும்ங்கிறதையே நான் கேக்கல நானா. அதான் பிழை."

"கடைசி விலையச் சொல்லுங்க. அறுபது. கையில குடுக்கிறேன்."

அறுபதாயிரம்! விஜயகலா இதுவரை ஒரு வேலைக்கு வாங்காத பணம். சரி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கட்டிலுக்குக் கீழே கிடக்கும் பையும், அதற்குள் இருக்கும் பொம்மையும் கண்முன்னே வந்தன. எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமே! ஆனால் இந்தப் பணம் முடிந்ததும்? மறுபடியும் அடுத்த வேலைக்கு அரை விலை, அதற்கடுத்ததற்கு அதிலும் அரை. வேன் ஒருமுறை மட்டுமா வரும்? ஒவ்வொரு மாதமும் அல்லவா வரும்!

"அறுபதுக்கும் செய்யலாங்க நானா," என்றாள். "படமும் போன் நம்பரும் இருக்கும். பதிவு இருக்காது. ஒரே பாஷை. ஒங்களுக்கு எது வேணுமோ அதுக்கேத்த விலை. அதே வேலைக்கு விலைய மட்டும் கொறைக்க எனக்கு ஏலாதுங்க."

நிஸார் நானா பிளேன் டீயை எடுத்து மெதுவாக உறிஞ்சினார். பேச்சு நின்றதைப் பார்த்து, தொதல் தீர்ந்துபோன சஸ்மிதா தாயின் முந்தானையை இழுத்தாள். "அம்மா, போவோம். எந்திரிங்க."

நிஸார் நானா குபீரென்று சிரித்துவிட்டார். "மகளுக்கு வியாபாரம் நல்லாத் தெரியும் போல! பேச்சு நிண்டா ஒடனே எழும்புறா!"

விஜயகலாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தந்த துணிச்சலில் லேப்டொப்பைத் திறந்து கைருன்னிஸாவின் பக்கம் திருப்பினாள். இரண்டு நாளாகப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு மாதிரிப் பக்கம் செய்து கொண்டுவந்திருந்தாள். கெஸ்ட் ஹவுஸ் வராந்தாவின் படம், பின்னால் மலை, கீழே அறைகள்.

"தாத்தா, நீங்களே ஒரு ரூம் புக் பண்ணிப் பாருங்க," என்றாள், அக்காவை அப்படி அழைக்கும் அவர்கள் வீட்டு வழக்கப்படி.

கைருன்னிஸா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். பெயர், தேதி, ஒரு ஆள். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் நிஸார் நானாவின் சட்டைப்பையில் போன் 'டிங்' என்று சிணுங்கியது. அவர் எடுத்து வாசித்தார். அவர் கண்கள் விரிந்தன.

"இண்டைக்கு ரெண்டாம் நம்பர் ரூம்... கைருன்னிஸா... இது நீங்களா?"

"ஓம், நான்தான். கொமிஷன் கேக்கிறதுக்கு எவனும் இல்ல பாத்தீங்களா? ஆனா நான் காசு கட்ட மாட்டேன்!"

நிஸார் நானா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவனின் முகம் அது. சட்டென்று உள்ளங்கையால் மேசையைத் தட்டினார்.

"ஹரி, சரிதான்! ஒரு லட்சத்து இருபது. கண்ணாடி இல்ல இது. ஆனா தங்கச்சி, படத்த மாத்து, எழுத்த மாத்து எண்டு நான் தொல்லை குடுப்பேன்."

"ரெண்டு தரம் குடுங்க நானா, சும்மா செய்வேன். மூணாந்தரம் அதுக்கும் விலை இருக்கு. பாதிய முன்கூட்டியே தரணும்."

"பாருங்களேன் இந்தப் புள்ளய!" என்று கைருன்னிஸா கைகொட்டினார்.

பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே விஜயகலா தினேஷுக்குப் போன் எடுத்தாள். பகல் சாப்பாட்டு நேரம். "நாலாம் மேசைக்கு ரெண்டு சோறு!" என்று யாரோ கத்துவது கேட்டது.

"என்னாங்க, கிடைச்சிருச்சு!"

"எட்டுப் பேருமா?"

"ஒரு லட்சத்து இருபது! பாதி இப்பவே கையில இருக்கு!"

ஏதோ தட்டு கீழே விழும் சத்தம். "விஜி... என்னா சொல்ற? இன்னொரு தரம் சொல்லு." அவள் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். அவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் அவன் மூக்கை உறிஞ்சுவது அவளுக்குக் கேட்டது. "அப்ப அந்த வேனு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நான் ஏற மாட்டேங்க. சஸ்மிய விட்டுட்டு நான் எங்கயும் போக மாட்டேன்!" அந்தத் தரிப்பிடத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அம்மா அழுவதைக் கண்ட சஸ்மிதா தானும் அழத் தொடங்கினாள். பிறகு அம்மா சிரிப்பதைக் கண்டு குழம்பி நிறுத்திவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை வேன் வந்தது. சந்தியில் நின்று ஹோன் அடித்தது. பிள்ளைக் காம்பராப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த விஜயகலாவுக்கு அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது. விரல்கள் ஒரு கணம் நின்றன. "டாட்டா!" என்று உள்ளேயிருந்து ஓடிவந்த சஸ்மிதா, கையில் பொம்மையோடு வேனைப் பார்த்துக் கையசைத்தாள். வேன் வளைவில் திரும்பி மறைந்தது.

போனில் புதிய மெசேஜ் ஒன்று வந்திருந்தது. ரம்புக்கனையில் கேக் செய்து விற்கிற ஒரு பெண். *வெப்சைட் ஒன்று செய்ய எவ்வளவு?*

எத்தனை நாள் ஆகும் என்று மனம் பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கியது. விஜயகலா தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். பிறகு நிதானமாகத் தட்டினாள்.

*விலையைக் கட்டாயம் சொல்கிறேன் அக்கா. அதற்கு முன், ஒரு மாதத்தில் எத்தனை கேக் போகிறது? எத்தனை போனால் உங்களுக்குச் சந்தோஷம்?*